ஆள் மாற்ற யார் வருவார்?
மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவரும் அவரைப் பார்த்துக்கொள்பவரும்

அம்மா இடுப்பெலும்பு முறிந்து 11 நாள் மருத்துவமனையில் இருந்தபோது, எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பகலில் அண்ணி, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை நான், இரவில் அண்ணன், ஞாயிற்றுக்கிழமை சித்தி மகள் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தோம். வார்டு வாசலில் பாஸ் கைமாறும். கூடவே பிளாஸ்க், சாப்பாட்டுக் கூடை. “கஞ்சி பாதிதான் குடிச்சாங்க, யூரின் பை இப்பதான் காலி பண்ணுனாங்க” என்று சொல்லிவிட்டு ஒருவர் இறங்குவார், இன்னொருவர் ஸ்டூலில் உட்காருவார். இதற்கு எங்கள் வீட்டுப் பேச்சில் ‘ஆள் மாத்துறது’ என்று பெயர்.

12ஆம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தார். அன்று மாலையே அந்தத் தாளை யாரோ கிழித்து எடுத்துவிட்டார்கள். அதுதான் வீட்டுக்கு வந்தாயிற்றே என்று அவரவர் வேலைக்குப் போய்விட்டோம். ஏறக்குறைய 40 நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் போயிருந்தேன். அண்ணி காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “ஒரு மணி நேரம் அத்தை பக்கத்துல உட்காருறீங்களா தம்பி? தலைக்கு எண்ணெய் வச்சுக் குளிச்சு ஒன்றரை மாசமாச்சு.”

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. டாக்டரும் நர்ஸும் 24 மணி நேரமும் இருக்கிற இடத்தில் நான்கு பேர் முறை வைத்துப் பார்த்தோம். அவர்கள் யாரும் இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு வந்தோம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. முதியவருக்கு மருத்துவம் பார்க்க நம் சமூகம் பல ஏற்பாடுகளைச் செய்திருக்கிறது. அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆள் மாற்ற ஏற்பாடு செய்யவில்லை. அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, அதை எதைக் கொண்டு அடைக்கலாம் என்று பார்ப்போம்.

மாற்றுப் பராமரிப்பு

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் ‘ரெஸ்பைட் கேர்’ என்பார்கள். நாம் மாற்றுப் பராமரிப்பு என்று சொல்லலாம். வழக்கமாகப் பார்த்துக்கொள்பவர் இளைப்பாறுவதற்காக, சில மணி நேரமோ சில வாரமோ வேறொருவர் பொறுப்பேற்பது அது. வீட்டுக்கு ஓர் ஆள் வரலாம், முதியவர் பகலில் ஓர் இல்லத்துக்குப் போய்த் திரும்பலாம், சில வாரம் வெளியே தங்கியும் வரலாம். முதியோர் இல்லத்தில் நிரந்தரமாகச் சேர்ப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டில் வைத்துப் பார்ப்பது தொடர வேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவதே மாற்றுப் பராமரிப்பு.

வீடு திரும்பும் உடல்

டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டது என்று வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவமனையில் செய்ய வேண்டியது முடிந்தது என்பதே அதன் பொருள். அமெரிக்க இதயநோய் மருத்துவர் ஹார்லன் குரும்ஹோல்ஸ் 2013இல் இந்தக் காலத்துக்கு ‘மருத்துவமனைக்குப் பிந்தைய நோய்த்தொகுதி’ என்று பெயர் வைத்தார். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வலியும் புது மருந்துகளும் சேர்ந்து, படுத்தே கிடந்ததில் உடலின் தாங்குசக்தி வற்றிப்போயிருக்கும். சேர்ந்தபோது இருந்த நோய் அடங்கினாலும் வேறொரு நோய் எளிதில் நுழைந்துவிடும் நாட்கள் அவை. அமெரிக்க முதியோர் காப்பீட்டுத் திட்டத்தின் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு, வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 30 நாட்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்ததைக் காட்டியது.

படுக்கை மட்டுமே என்ன செய்யும் என்பதற்கு 2007இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு சான்று. நோயில்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தபோது, அவர்களின் கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயும் அறுவை சிகிச்சையும் சேர்ந்த உடலை நினைத்துப் பாருங்கள்.

ஆக, வீடு திரும்பிய முதல் ஆறு வாரத்தில் அங்கே நடப்பது சாதாரண ‘கவனிப்பு’ இல்லை. புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். வாக்கர் பிடித்து நாலு எட்டு நடக்கப் பழக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இரவில் திடீரென்று எழப் பார்ப்பார், அப்போது விழாமல் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன், பின் என்று பிரிந்த மாத்திரைகளில் பழைய சீட்டில் இருந்தது எது, புதுச் சீட்டில் நிறுத்தியது எது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். வார்டில் மூன்று ஷிப்ட் செவிலியர்கள் செய்த வேலை இது.

பார்ப்பவரின் உடல்

1999இல் அமெரிக்காவில் ஷுல்ஸ், பீச் இருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. வாழ்க்கைத் துணையைப் பராமரித்து அதனால் மனமும் உடலும் நெருக்கடிக்கு உள்ளான முதியவர்களுக்கு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட, நான்கு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2013இல் ராத் குழுவினர் வெளியிட்ட ஆய்வோ, குடும்பத்தாரைப் பராமரிப்பவர்களுக்கு ஒட்டுமொத்தமாக இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவு என்றது. ஒன்றையொன்று மறுப்பதுபோல் தெரிந்தாலும், சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்குகிறது. பராமரிப்பு மனிதரைக் கொல்வதில்லை, பலருக்கு அது வாழ்வின் நிறைவாகவும் இருக்கிறது. மாற்று ஆளில்லாமல் நெருக்கடியில் சிக்குவதுதான் ஆபத்து.

மாற்றுப் பராமரிப்பு அந்த நெருக்கடியைத் தீர்க்கிறதா? மறதிநோயாளிகளின் குடும்பங்களுக்கு அது தரும் பயனை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டின் காக்ரேன் திறனாய்வு, தரமான ஆய்வுகள் மிகக் குறைவு, இருப்பவற்றில் உறுதியான பயன் தெரியவில்லை என்றே சொன்னது. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இது ஒரு பாடத்தைச் சொல்கிறது: எவரோ வந்து சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் போதாது. நம்பி விட்டுவிட்டுப் போகக்கூடிய ஆளாகவும், எப்போது வருவார் என்று முன்கூட்டியே தெரிந்த முறையாகவும் இருக்க வேண்டும். பயந்துகொண்டே எடுக்கும் ஓய்வு ஓய்வாகாது.

சுருங்கிய வீடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் அது 8.6. மத்திய அரசின் கணிப்புப்படி 2031இல் தமிழ்நாட்டில் 18 விழுக்காட்டைத் தாண்டும். இன்னொரு பக்கம், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8. என் பாட்டி படுக்கையில் விழுந்தபோது ஏழு பிள்ளைகள், அவர்களின் துணைகள், பக்கத்துத் தெருவில் இரண்டு நாத்தனார்கள். யாரும் கட்டம் போட்டு எழுதாமலே முறை நடந்தது. இன்று பல வீடுகளில் ஒரு மகன் பெங்களூரில், ஒரு மகள் ஷார்ஜாவில். ஊரில் இருப்பவர் ஒருவரே.

அந்த ஒருவர் பெரும்பாலும் பெண். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமின்றி வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபட்ட பெண்கள் 27.6 விழுக்காடு, ஆண்கள் 14 விழுக்காடு. குழந்தை வளர்ப்பும் சேர்ந்த கணக்கு இது. ஆனாலும் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெளிவு. இரவில் வார்டில் துணைக்குப் படுத்த அண்ணன், வீட்டுக்கு வந்ததும் “எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை” என்று ஒதுங்கியதை நானே பார்த்தேன். நானும் ஒதுங்கியவன்தான்.

நம்மிடம் உள்ள வழிகள்

முதல் வழி, குடும்பத்துக்குள் முறை வைப்பது. செலவு குறைவு, முதியவருக்கும் பழகிய முகம். ஆனால் ‘முடிஞ்சப்ப வர்றேன்’ என்பது முறையாகாது. ஏரிப் பாசனத்தில் இன்னாருக்கு இத்தனை நாழிகை தண்ணீர் என்று முறை வைத்ததால்தான் கடைமடையும் விளைந்தது. நாளும் நேரமும் குறித்தால்தான் பார்த்துக்கொள்பவர் அந்த நேரத்தை நம்பி ஒரு வேலைக்குப் போவார். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல், ஊருக்கு வரும் மூன்று வாரத்தையும் தன் முறையாக ஏற்கலாம்.

இரண்டாவது, ஏஜென்சி மூலம் வரும் ஹோம் நர்ஸ் அல்லது அட்டெண்டர். 12 மணி நேர டியூட்டி, 24 மணி நேரம் தங்கிப் பார்ப்பது என்று இரண்டு வகை. நகரங்களில் இன்று அதிகம் கைகொடுப்பது இதுதான், அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான். செவிலியர் வேறு, துணையாள் வேறு. சிறுநீர்க் குழாய், மூக்கு வழி உணவுக் குழாய், காயத்துக்குக் கட்டு ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். அவருக்குத் தமிழ்நாடு செவிலியர் குழுமத்தின் பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். குளிப்பாட்டவும் நடத்தவும் துணையாள் போதும். வருகிறவரும் ஒரு மனிதர் என்பதை வீடு மறக்கக் கூடாது. 24 மணி நேர ஆள் என்றால் 24 மணி நேரமும் விழித்திருப்பவர் என்று பொருளில்லை. அவருக்குத் தூக்கமும் வார விடுப்பும் மறுக்கப்படும் வீட்டில், அண்ணியின் சுமை இன்னொரு பெண்ணின் தலைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

மூன்றாவது, சில வாரம் தங்கிப் பெறும் பராமரிப்பு. சென்னை, கோவை போன்ற நகரங்களில் தனியார் மறுவாழ்வு மையங்களும் சில முதியோர் இல்லங்களும் குறுகிய காலத்துக்குச் சேர்த்துக்கொள்கின்றன. பக்கவாதம், எலும்பு முறிவுக்குப் பின் தினமும் பிசியோதெரபி தேவைப்படுவோருக்கு இது பொருந்தும். கட்டணம் நடுத்தரக் குடும்பத்துக்கே எட்டாத இடங்கள் பல.

நான்காவது, பகல்நேர இல்லம். எழுந்து நடமாடத் தொடங்கியவர்களுக்கு இது நல்ல வழி. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் 25 பகல்நேர முதியோர் மையங்களை அறிவித்தது. வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகும் நேரத்தில் முதியவர் தனித்திருக்காமல் இருக்க உதவும். ஆனால் நேற்று டிஸ்சார்ஜ் ஆனவருக்கு உரியதல்ல.

ஐந்தாவது, அரசின் மருத்துவ வலை. இதில் தமிழ்நாடு பெருமைப்படலாம். இந்தியாவிலேயே முதன்முதலாக முதியோருக்கென்று புறநோயாளிகள் பிரிவு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது, டாக்டர் வ.செ. நடராசனின் முயற்சியால். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவரை இயன்முறை மருத்துவரும் வலிநிவாரணச் செவிலியரும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆன வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிட வேண்டும், பலர் இதைச் செய்வதில்லை. இந்த வலையிலும் ஓர் ஓட்டை உண்டு: வருகிறவர்கள் நோயாளியைப் பார்க்கிறார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். அண்ணி தலைக்குக் குளிக்கும் வரை உட்கார யாரும் இல்லை.

பணமும் சட்டமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கைகொடுக்கின்றன. அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும். அதற்குப் பின் மூன்று மாதம் ஆள் வைக்கக் கிடைக்காது. தனியார் பாலிசிகளிலும் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, பரிசோதனைச் செலவுகள் குறிப்பிட்ட நாட்களுக்குக் கிடைத்தாலும், துணையாள் கூலியும் டயப்பரும் பொதுவாகக் கழிக்கப்படும் பட்டியலில்தான் இருக்கின்றன.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கைவிடப்பட்ட முதியவருக்கு ஒரு கேடயம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்து மாதம் 10,000 ரூபாய் வரை பெறலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் பிள்ளைகள் இரண்டே வகை: பார்ப்பவர், பாராதவர். பார்த்துப் பார்த்துச் சோர்ந்தவர் அதில் இல்லை. விடுப்பு விதிகளும் அப்படியே. மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலத்தில் 730 நாள் உண்டு. பெற்றோரைப் பார்க்கவென்று அப்படித் தனி விடுப்பு இல்லை, சொந்த விடுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பிறர் என்ன செய்கிறார்கள்

ஜெர்மனியில் 1995 முதல் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு உண்டு. அதில், தகுதி பெற்றவர் ஆண்டுக்கு எட்டு வாரம் வரை குறுகிய காலம் இல்லத்தில் தங்க உதவித்தொகை கிடைக்கும். மருத்துவமனையிலிருந்து நேரே வீட்டுக்குப் போக முடியாத நிலையும் அதற்குரிய காரணங்களில் ஒன்று. ஜப்பானில் 2000இல் தொடங்கிய பராமரிப்புக் காப்பீட்டில், எந்த நாள் யார் வருவார், எப்போது தங்கப் போகலாம் என்று திட்டமிட்டுத் தருவதற்கென்றே ஒரு பராமரிப்பு மேலாளர் இருக்கிறார். வேலைக்குப் போகும் பிள்ளைக்குக் குடும்பத்தில் ஒருவருக்கு 93 நாள் வரை பராமரிப்பு விடுப்பு. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு ஒரு வாரம், சம்பளமில்லா விடுப்பு.

இவை பணக்கார நாடுகள் என்று சொல்லித் தள்ளிவிடத் தேவையில்லை. பக்கத்துக் கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் அண்டை வீட்டாரையே பயிற்றுவித்துத் தொண்டர்களாக்கியது. 2008இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்து உள்ளாட்சிகளையும் இணைத்தது. நம் மக்களைத் தேடி மருத்துவத்தின் தன்னார்வலரோடு தெருவுக்கு இரண்டு பேர் சேர்ந்தால், வாரம் இரண்டு மணி நேரம் ஆள் மாற்றும் முறை இங்கேயும் நடக்கும். புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

மனத்தடைகள்

“வேற ஆள் கையால எனக்கு வேண்டாம்” என்றார் அம்மா. அது அடம் என்று நினைத்தோம். தன் உடலை முன்பின் தெரியாதவர் தொடுவதில் உள்ள கூச்சம் அது. கடைசியில் வழி காட்டியதும் அண்ணிதான். துணையாளாக வந்த அக்காவைத் தன்னோடு இரண்டு நாள் கூடவே வைத்துக்கொண்டார். அம்மாவை எழுப்பும் முன் டபராவில் ஆற்றிய காபி இரண்டு வாய் கொடுக்க வேண்டும், வலது தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாது, கமோடு நாற்காலியில் உட்காரவைத்ததும் கதவைச் சாத்திவிட்டுக் குரல் கேட்கும் தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மூன்றாம் நாள் அம்மா அந்த அக்காவிடம் ஊர், பிள்ளைகள் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடை, பார்ப்பவரின் குற்றவுணர்வு. ‘மாமியாரை விட்டுட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டா’ என்று நாலு பேர் சொல்வார்களே என்ற அச்சம். அந்த நாலு பேரில் ஒருவராவது வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பேச்சு தானாக அடங்கும். இதைச் சொல்ல வேண்டியவர் மருமகள் அல்ல, மகன்.

ஏற்பாடு செய்வது எப்படி

டிஸ்சார்ஜ் தேதி பேச்சில் அடிபடும்போதே தொடங்க வேண்டும், பில் கட்டும் நாளில் அல்ல. டாக்டரிடம் நோயைப் பற்றி மட்டும் கேட்காமல், வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும், எத்தனை பேர் தேவை, எத்தனை வாரம் என்று கேளுங்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும், குழாய்களைக் கையாள்வதையும் செவிலியர் செய்யும்போது அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டுமல்ல, குறைந்தது இரண்டு பேர் கற்க வேண்டும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த வேலையில் ஆள் மாற்ற முடியாது.

வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். மருந்து கொடுத்த நேரம், சாப்பிட்டது, மலசலம் கழித்தது, நடந்தது, வலி, தூக்கம் எல்லாம் அதில் ஏற வேண்டும். பிடித்தது, பிடிக்காதது முதல் பக்கத்தில். அவசர எண்களையும் எழுதுங்கள்: ஆம்புலன்ஸ் 108, மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. வெளியே தங்கவைப்பதாக இருந்தால், முன்னறிவிப்பில்லாமல் ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள், அவசரத்துக்கு எந்த மருத்துவமனை, பதிவுச் சான்று உண்டா என்று கேளுங்கள். அங்கே இருக்கும் முதியவர்களின் நகத்தையும் குதிகாலையும் கவனியுங்கள், அவை பொய் சொல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்துக்கொள்பவரிடம் ‘ஏதாவது உதவி வேணுமா’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘வியாழக்கிழமை மாலை நான் இருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். உதவியைக் கேட்டு வாங்குவதும் ஒரு வேலை, அதையும் அவர் தலையில் வைக்க வேண்டாம்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டில் வீட்டுப் பராமரிப்புக்கென ஒரு பக்கம், துணையாள் பணிக்குப் பயிற்சியும் பதிவும் நியாயமான கூலியும், வட்ட மருத்துவமனைகளில் குறுகிய காலப் பராமரிப்புக்கென்று சில படுக்கைகள், பெற்றோரைப் பார்க்கத் தனி விடுப்பு. காப்பீட்டில் அறுவைக்குத் தரும் பணத்தில் ஒரு சிறு பங்கு வீட்டுக்கு வந்தால், மீண்டும் மருத்துவமனைக்குப் போகும் எத்தனையோ பயணங்கள் மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இப்போது மறுபடியும் தாள் ஒட்டியிருக்கிறது. அம்மா வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார், ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உள்ள கட்டத்தில் என் பெயர் இருக்கிறது. அண்ணி தலைக்குக் குளித்து, சாம்பிராணி போட்டு, கூந்தலை உலர்த்த மொட்டை மாடிக்குப் போகிறார். கீழே என்ன நடக்கிறது என்று முதல் சில வாரம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்ப்பதில்லை.